பின்பக்கத்து நீலம்

முதலில் வண்டியைப் பார்க்காதே வசந்தாமணி, தரையைப் பார். சாம்பல் நிறச் சிமெண்ட் தரை, கண்ணுக்கு இதைவிட நல்ல ஓய்வு கிடையாது, கொஞ்ச நேரம் அதிலேயே கண்ணை வைத்திரு, பிறகு சட்டென்று நிமிர்ந்து பார், பார்த்தவுடன் என்ன தோன்றுகிறதோ அதுதான் தீர்ப்பு, அதற்கு மேல் உற்று உற்றுப் பார்த்தால் கண் தானாகவே சமாதானமாகிவிடும். லேபில் புதிதாகச் சேரும் பெண்களுக்கு முதல் நாள் நான் சொல்லித் தருவது இதைத்தான். திருப்பூரில் சாயப்பட்டறை லேபில் முப்பது வருஷமாக எனக்கு இதே வேலை, வெளிநாட்டுக்காரன் அனுப்பிய துண்டுத் துணியின் நிறமும் நாங்கள் சாயம் ஏற்றிய துணியின் நிறமும் ஒன்றுதானா என்று பார்த்துச் சொல்வது, கேட்பதற்கு ஒன்றுமே இல்லாத வேலை, ஆனால் நான் சரி என்று சொன்னால்தான் லாரி கிளம்பும். தரையைப் பார்க்கிறேன். ஒரு எறும்பு வேப்பம்பூவை இழுத்துக்கொண்டு போகிறது. பக்கத்தில் என் வீட்டுக்காரர் செருப்பு தேய்க்கும் சத்தம், பதற்றம் வந்தால் அவர் அப்படித்தான், பேங்க்கில் இருந்தபோதும் மேனேஜர் ரூமுக்குள் போகுமுன் செருப்பைத் தேய்ப்பாராம். எதிரே சிவசண்முகம் ஐயா நிற்பது தெரிகிறது, வெள்ளை வேட்டிக் கரையும் வீங்கின முட்டியும் மட்டும். இந்தக் காம்பவுண்டும் பின்னால் தடதடக்கும் நிட்டிங் மிஷின்களும் வண்டியும் அவருடையவை. அறுபது வயதில் ஆசைப்பட்டு இந்த வண்டியை வாங்கினார், இப்போது முட்டி மடங்க மாட்டேன் என்கிறது, தாழ்ந்த சீட்டில் உட்கார்ந்தால் எழுந்திருக்க இரண்டு ஆள் வேண்டும், அதனால் விற்கிறார். சரி, போதும், நிமிர்ந்து பார். நிமிர்ந்தேன். கடவுளே, என்ன அழகு.

இரண்டே கதவு, தரையோடு தரையாகப் பதுங்கிய உடம்பு, முன்பக்கம் நீண்டு பின்பக்கம் திரண்டு, எங்கேயும் ஒரு கோடு அநாவசியமாக இல்லை, ஜெர்மன்காரன் செய்த வண்டி, செய்தவன் இதைச் செய்துவிட்டு அன்றைக்கு ராத்திரி தூங்கியிருக்கவே மாட்டான். நிறம் நீலம். சும்மா நீலம் என்று சொன்னால் என் வாய் என்னையே திட்டும், நேவியும் இல்லை, இங்க் நீலமும் இல்லை, மயில் கழுத்துக்குக் கொஞ்சம் இந்தப் பக்கம், வெயில் பட்ட இடத்தில் உள்ளே பொடிப்பொடியாக வெள்ளி மினுங்குகிறது, நிழலில் அப்படியே ஆழமாக இறங்கிவிடுகிறது. முதல் முதலாக, எங்கள் துணியை வாங்கும் பையரைப் பார்க்க ஜெர்மனிக்குப் போயிருந்தபோது, கையில் நாற்பது துண்டுத் துணி, காலில் அந்த ஊர்க் குளிருக்கு ஒவ்வாத செருப்பு, அவர்கள் ஆபீஸ் வாசலில் மழைக்கு ஒதுங்கி நிற்கிறேன், இதேபோல ஒரு வண்டி வந்து நின்றது, அதிலிருந்து தலை முழுக்க நரைத்த ஒரு அம்மா இறங்கினாள், சாவியைக் கையில் சுற்றிக்கொண்டே என்னைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போனாள். அவ்வளவுதான் நடந்தது. அதற்குப் பிறகு பிள்ளை படிப்பு, வீடு, மாமியார் ஆபரேஷன், மகள் கல்யாணம், எல்லாம் ஆயிற்று, ஆனால் அந்த அம்மா சாவியைச் சுற்றிய விதம் மட்டும் எனக்குள் நின்றுவிட்டது. எனக்கும் தலை நரைத்துவிட்டது. டை அடிப்பதை விட்டுவிட்டேன், கண்ணுக்கு ஆகாது என்றார்கள். கண் என்றால் நான் எதையும் விட்டுவிடுவேன். கண் இல்லாவிட்டால் வசந்தாமணி யார்? லேபில் என் கீழே வேலை பார்க்கிற ஜெனிட்டா அன்றைக்கு என்ன சொன்னாள், "மேடம், ரிப் சித்த பச்சையா இருக்குதுங்களே." இப்போது அதை நினைக்காதே. வண்டியைப் பார்.

"அம்மிணி, நீ கலரைப் பாரு, நான் மத்ததப் பாக்கறேன்" என்கிறார் இவர். இவர் பேர் குழந்தைவேலு, பேருக்கேற்றாற்போல முகம், ரிட்டயராகியும் அந்த முகம் போகவில்லை. அடிபட்ட வண்டியைப் புதுசு மாதிரி காட்டி விற்பதை எப்படிக் கண்டுபிடிப்பது என்று ஒரு மாதமாக செல்போனில் வீடியோ பார்த்துக்கொண்டிருக்கிறார், சாப்பிடும்போதுகூட, எனக்கு ரசம் ஊற்ற வேண்டிய இடத்தில் தண்ணீரை ஊற்றிவிட்டு "கதவுக்கும் பாடிக்கும் இருக்கற சந்து மேல இருந்து கீழ வரைக்கும் ஒரே அகலமா இருக்கோணுமாம்" என்பார். இப்போது சட்டைப் பையிலிருந்து காந்தத்தை எடுக்கிறார். எங்கள் ஃப்ரிட்ஜில் ஒட்டியிருக்கும் கத்தரிக்காய் பொம்மைக் காந்தம். கீறல் விழாமல் இருக்கக் கைக்குட்டையில் சுற்றியிருக்கிறார். அடிபட்ட பள்ளத்தைப் பட்டி வைத்து நிரப்பிய இடத்தில் காந்தம் ஒட்டாது, இரும்புத் தகடு இருந்தால் ஒட்டும், இது வீடியோக்காரன் சொன்னது. கதவில் வைத்தார், கத்தரிக்காய் கீழே விழுந்தது. முன்பக்கம் வைத்தார், விழுந்தது. பானெட்டில் வைத்தார், வழுக்கிக்கொண்டு போய் விழுந்தது. அவர் முகம் வெளுத்துவிட்டது. என் காதருகே வந்து, "வண்டி மொத்தமும் பட்டிதான் அம்மிணி, தகடே இல்லை" என்றார். சிவசண்முகம் ஐயா அதைக் கேட்டுவிட்டார், சிரிக்கக் கூடாது என்று வேட்டியை மறுபடி மடித்துக் கட்டுகிற சாக்கில் திரும்பிக்கொண்டு, "அது அலுமினியமுங்க சார், காந்தம் ஒட்டாதுங்க" என்றார். எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. இவரும் சிரித்துவிட்டார். இந்த மனுஷனை எனக்கு எவ்வளவு பிடிக்கும் என்பது இந்த மாதிரி நேரத்தில்தான் எனக்கே தெரியும், ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிற வயதா என்று கேட்கவில்லை, ஊர் என்ன சொல்லும் என்று கேட்கவில்லை, கத்தரிக்காயைக் கைக்குட்டையில் சுற்றிக்கொண்டு கூடவே வந்துவிட்டார். அவருக்குத் தெரியாது, நான் இங்கே வந்தது வண்டிக்காக மட்டும் இல்லை என்று. அதை யாரிடம் சொல்வது. வண்டி வாங்க வருகிறவள் எல்லாம் அடிபட்ட இடம் இருக்கக் கூடாது என்று வேண்டிக்கொண்டு வருவாள். நான் வேண்டிக்கொண்டு வந்தது அப்படியே தலைகீழ். எங்கேயாவது ஒரு இடத்தில் மறுபடி பெயிண்ட் அடித்திருக்க வேண்டும், அதை என் கண் பிடித்துவிட வேண்டும். பிடித்துவிட்டால் வண்டி போனாலும் போகட்டும், கண் எனக்கு இருக்கிறது.

ஏனென்றால் போன மாதம் ஒரு நீலத்தைக் கோட்டை விட்டேன். டி-ஷர்ட்டின் உடம்பு ஒரு நீலம், கழுத்துப் பட்டிக்கு வைக்கிற ரிப் துணி இன்னொரு நீலம், இரண்டும் ஒன்று என்று நான் கையெழுத்துப் போட்டேன், பையர் அத்தனையையும் திருப்பி அனுப்பிவிட்டான். ஜெனிட்டா இருபத்து நான்கு வயதுப் பெண், தூத்துக்குடிக்காரி, திருப்பூர் வந்து எங்கள் பேச்சைப் பிடித்துக்கொண்டவள், அவள்தான் முதலில் சொன்னாள், ரிப் சித்த பச்சையா இருக்குதுங்களே. நான் விதவிதமான வெளிச்சம் வரும் லைட் பாக்ஸுக்குள் வைத்துப் பார்த்தேன், பகல் வெளிச்சத்தில் பார்த்தேன், கடை வெளிச்சத்தில் பார்த்தேன், வீட்டு பல்ப் வெளிச்சத்தில் பார்த்தேன். ஒரு வெளிச்சத்தில் ஒன்றாக இருக்கும் இரண்டு நிறம் இன்னொரு வெளிச்சத்தில் பிரிந்து நிற்கும், அதுதான் எங்கள் தொழிலின் பெரிய வம்பு, எனக்கோ எந்த வெளிச்சத்திலும் பிரியவே இல்லை. பச்சை எங்கே? ஜெனிட்டா துணியை மடித்து வைத்தாள். மடித்து வைத்த விதம்தான் என்னை இன்றைக்கும் அறுக்கிறது, மெதுவாக, தூங்குகிற குழந்தையை எழுப்பிவிடக் கூடாது என்பதைப்போல. முதலாளி சாயத்தில் கோளாறு என்று எழுதிவிட்டார். சாயத்தில் கோளாறா, கண்ணில் கோளாறா? வயதானால் கண்ணுக்குள் இருக்கிற லென்ஸ் மஞ்சளாகும், மஞ்சளானால் நீலம்தான் முதலில் போகும், சிவப்பு கடைசி வரைக்கும் நிற்கும், இதையும் நானே பெண்களுக்குச் சொல்லித் தந்திருக்கிறேன், கரும்பலகையில் படம் போட்டு, ஏதோ வேறு யாருக்கோ வருகிற வியாதியைச் சொல்வதைப்போல. கண் ஆஸ்பத்திரி வாசல் வழியாகத்தான் தினமும் வேலைக்குப் போகிறேன். உள்ளே போனால் சொல்லிவிடுவார்கள். சொல்லிவிட்டால் அது நிஜமாகிவிடும். அதனால் அந்த வாசல் சிக்னலில் பச்சை விழுந்ததும் எல்லோருக்கும் முன்னால் கிளம்பிவிடுகிறேன்.

நில். இடது பக்கக் கதவில் என்ன அது? நான் கதவை ஒட்டி நிற்கிறேன், குனிந்திருக்கிறேன், கைப்பிடிக்குக் கீழே நீலத்தின் மேல் லேசாக ஒரு ஊதா, ஒரு மூச்சு சிவப்பு. முன்பக்கத்து நீலத்தில் அது இல்லை. கதவில் மட்டும். தரையைப் பார், எறும்பைப் பார், மறுபடி நிமிர். இருக்கிறது. நிச்சயமாக இருக்கிறது. கதவை மாற்றியிருக்கிறார்கள், இல்லாவிட்டால் தட்டி நிமிர்த்தி மேலே பெயிண்ட் அடித்திருக்கிறார்கள், பெயிண்ட் கலக்கினவன் ஒரு சொட்டு சிவப்பு கூடப் போட்டுவிட்டான், கண்டுபிடித்துவிட்டேன், என் கண் கண்டுபிடித்துவிட்டது! சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வருகிறது. என்ன வேலை செய்திருக்கிறான் பாவி, விரலை வைத்துத் தடவினால் ஒரு மேடு கிடையாது, ஒரு பள்ளம் கிடையாது, கண்ணாடிமாதிரி, ஆரஞ்சுத் தோல்போலப் புள்ளிப்புள்ளியாக இருக்கும் என்று வீடியோக்காரன் சொன்னானே, அதுகூட இல்லை, ரப்பர் ஓரத்தில் பெயிண்ட் பிசிறு இல்லை, கதவு திருகாணியில் ஸ்பேனர் பட்ட காயம் இல்லை, இத்தனையும் மறைக்கத் தெரிந்தவன் அந்த ஒரு சொட்டுச் சிவப்பில் என்னிடம் மாட்டிக்கொண்டான், அவன் கையை எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்ளலாம். ஜெனிட்டா, நீ இங்கே இருந்திருக்க வேண்டும். "ஐயா" என்று கூப்பிடப் போகிறேன், வாயைத் திறந்துவிட்டேன், இந்தக் கதவு அடிபட்டதுங்களா என்று கேட்கப் போகிறேன், ஒரு அடி பின்னால் வைக்கிறேன், ஊதாவும் ஒரு அடி நகர்கிறது. நான் இன்னும் இரண்டு எட்டு வைக்கிறேன். ஊதா கதவைத் தாண்டிப் பின்பக்கத்துக்கு என்னோடேயே வருகிறது. குனிகிறேன், குனிகிறது. அட முண்டமே! அரக்கு நிறச் சேலை. நல்ல காரியத்துக்குப் போகிறோம் என்று காலையில் பீரோவிலிருந்து எடுத்துக் கட்டிக்கொண்ட அரக்குச் சேலை, பளபளப்பான பெயிண்டில் அதன் சாயல்தான் விழுந்திருக்கிறது.

லேபுக்குள் சாம்பல் கோட்டு போடாமல் நான் யாரையும் விடுவதில்லை. சிவப்புச் சுடிதார் போட்டுக்கொண்டு வந்த பெண்ணை வாசலிலேயே நிறுத்தித் திருப்பி அனுப்பியிருக்கிறேன், உன் துப்பட்டா நிறம் என் துணி மேல் விழும் பாப்பா என்று. முப்பது வருஷம் நிறம் பார்த்தவள் ஒருத்தி நிறம் பார்க்கப் போகும்போது அரக்குச் சேலை கட்டிக்கொண்டு போவாளா? போனாள். வேறு யார் வந்திருந்தாலும் அந்த ஊதாவைக் கண்டிருக்கவே மாட்டார்கள், இதே சேலையைக் கட்டிய வேறொருத்தியும் கண்டிருக்க மாட்டாள், எனக்கு மட்டும்தான் இந்தத் தவறைச் செய்கிற அளவுக்குப் படிப்பு இருந்தது. நல்லவேளை, ஐயாவிடம் ஒன்றும் கேட்கவில்லை. ஆனாலும் பாரேன், கண் பார்த்தது சரிதானே, சிவப்பு அங்கே இருந்தது, கண் அதைப் பார்த்தது, புத்திதான் பிசகிவிட்டது. அப்படியானால் கண் நன்றாக இருக்கிறது என்றுதானே அர்த்தம்? அப்படித்தானே? சிவப்பு கடைசி வரைக்கும் நிற்கும் என்று உள்ளே ஒரு குரல். பேசாமல் இரு. முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்கிறேன். இவர் தோளில் கிடந்த வெளிர் துண்டை வாங்கி முன்னால் மறைப்பாகப் பிடித்துக்கொள்கிறேன். மறுபடி முதலிலிருந்து. முன்பக்கம், இடது கதவு, இடது பின்பக்கம், பிறகு சுற்றிக்கொண்டு வலது பின்பக்கம், வலது கதவு. வெயிலில் ஒரு தரம் பார்த்தேன். ஐயா மிஷின் பையன் ஒருவனை விட்டு வண்டியை மெதுவாக உருட்டி ஷெட்டுக்குள் ட்யூப்லைட் வெளிச்சத்தில் நிறுத்தச் சொன்னார், அங்கேயும் ஒரு தரம். இஞ்சின் உறுமியபோது முதுகுத்தண்டில் ஏதோ ஏறி இறங்கியது, அந்தச் சத்தம் காதில் விழுவதற்குமுன் வயிற்றில் விழுந்தது, இப்படி ஒன்றைச் செய்ய மனுஷனுக்கு முடிகிறதே என்று நினைத்தால் எனக்குக் கண்ணில் நீர் வருகிறது, அழுதால் நிறம் தெரியாது, அழாதே. எல்லாம் ஒரே நீலம். முன்னே பின்னே, மேலே கீழே, வெயிலில் நிழலில், ஒரே நீலம். வலது பின்பக்கத்தில் நின்று நிதானமாகப் பார்த்தேன், சக்கரத்துக்கு மேலே அந்தத் திரட்சி, அங்கேதான் வண்டியின் அழகெல்லாம் வந்து சேர்கிறது, தடவிப் பார்க்காமல் இருக்க முடியவில்லை. அடிபடாத வண்டி. ஒரு குறையும் இல்லை. சந்தோஷப்பட வேண்டும் நான்.

"பாத்துட்டீங்களா அம்மா?" சிவசண்முகம் ஐயா ஒரு நாற்காலியில் உட்கார்ந்திருக்கிறார், எங்களுக்கும் இரண்டு போட்டிருக்கிறார், இளநீர் வந்திருக்கிறது. "பாத்துட்டேனுங்க ஐயா." "முழுசாப் பாத்துட்டீங்களா? இன்னொருக்கா வேணும்னாலும் பாருங்க, அவசரமில்லீங்க." "பாத்தாச்சுங்க. நெம்ப நல்லா வெச்சிருக்கீங்க." "அப்ப இனி நான் சொல்லலாமுங்களா?" என்றார். எனக்குப் புரிந்துவிட்டது. ஊரில் துணி விற்கிற பெரியவர்கள் சிலருக்கு ஒரு பழக்கம் இருந்தது, நானும் சின்ன வயதில் பார்த்திருக்கிறேன், இப்போது யாரும் செய்வதில்லை, குறையுள்ள துணியை விற்கும்போது குறையை முதலில் சொல்ல மாட்டார்கள், சொன்னால் வாங்குகிறவன் கண் அந்தக் குறையிலேயே போய் ஒட்டிக்கொள்ளும், துணியைப் பார்க்கவே மாட்டான், அதனால் முதலில் அவனை ஆசை தீரப் பார்க்கவிட்டு, பார்த்தாச்சு என்று அவன் வாயால் சொன்னதும், விலை பேசுவதற்குமுன், தாங்களே விரித்துக் குறையைக் காட்டுவார்கள். வண்டிக்கும் அதையே செய்கிறாரே இந்த மனுஷன். "வலது பின்பக்கம் அடி வாங்கின வண்டிங்க இது" என்றார். "சிக்னல்ல நின்னுட்டிருந்தப்ப லாரிக்காரன் தட்டிட்டான். ஆளுக்கு ஒண்ணும் ஆகலீங்க. அந்தத் தகட்டையே வெட்டி எடுத்துட்டுப் புதுசு வெச்சுப் பத்த வெச்சு, கோயமுத்தூர்ல பெயிண்ட் அடிச்சோம். டிக்கில விரிச்சிருக்கற மேட்டத் தூக்கிப் பாருங்க, ஸ்டெப்னி வெக்கற பள்ளத்துல தகடு சித்த நெளிஞ்சிருக்கும், அதை நான் நிமித்தச் சொல்லல, வாங்கறவங்களுக்குக் காட்டோணுமில்லீங்க." இவர் ஓடிப்போய் மேட்டைத் தூக்கிப் பார்த்தார், "ஆமா அம்மிணி, நெளிஞ்சிருக்குது" என்று அங்கிருந்தே குரல் கொடுத்தார், வீடியோக்காரன் அதையும் சொல்லியிருந்தானாம், கத்தரிக்காய்க் கலவரத்தில் மறந்துவிட்டாராம். "மத்தபடி ஷேடுதானுங்க, அதை நான் உங்களுக்குச் சொல்றதா" என்று ஐயா கையெடுத்துக் கும்பிடாத குறையாகச் சிரித்தார். "அந்தப் பக்கம் லேசா பச்சை அடிக்கும். எனக்கே தெரியுது, உங்க கண்ணுக்குத் தெரியாம இருக்குமுங்களா? நீங்க அங்கயே நின்னு நெம்ப நேரம் பாத்தீங்க, தடவிக்கூடப் பாத்தீங்க. பாத்தும் ஒரு வார்த்தை கொறை சொல்லாம, நல்லா வெச்சிருக்கீங்கன்னு சொன்னீங்களே, அந்த மனசு யாருக்குங்க வரும்."

லேசா பச்சை. எழுந்து போகிறேன். வண்டியை மறுபடி ஷெட் வாசலுக்கு எடுத்து வந்து நிறுத்தியிருக்கிறார்கள், பாதி வெயில், பாதி நிழல். துண்டை முன்னால் பிடிக்கிறேன். தரையைப் பார். நிமிர். நீலம். மறுபடி தரை. நிமிர். நீலம், நீலம், இதோ வலது கதவு, இதோ பின்பக்கம், நடுவில் இதோ சந்து, சந்துக்கு இந்தப் பக்கம் நீலம், அந்தப் பக்கமும் அதே நீலம். பச்சையை எங்கே வைத்திருக்கிறீர்கள் எல்லோரும்? ஒரு முட்டி வலிக்காரர் நாற்காலியில் உட்கார்ந்தபடியே பார்க்கிற பச்சை எனக்குப் பக்கத்தில் நின்றும் தெரியவில்லை. தலையை ஆட்டிவிடலாம். அது ஒன்றும் கஷ்டமில்லை. ஆமாங்க ஐயா, பாத்தேன், சொல்லோணுமான்னு விட்டுட்டேன் என்று ஒரு வார்த்தை, இந்த ஊர் பூராவும் நாளைக்கே பரவிவிடும், வசந்தாமணி மேடம் கண்ணும் பெரிசு மனசும் பெரிசு என்று. முப்பது வருஷப் பேர் இன்னும் கொஞ்ச நாள் நிற்கும். அதற்குள் இன்னும் எத்தனை லாரி தப்பான நிறத்தோடு கிளம்பும்? நாற்காலியில் அவர் உட்கார்ந்திருக்கிறார், நெளிந்த தகட்டை நிமிர்த்தாமல் வைத்திருக்கிற மனுஷன், அவருக்கு நேராகத் தலையாட்ட எனக்குக் கழுத்து வளையவில்லை. "இல்லீங்க ஐயா" என்றேன். குரல் எனக்கே வேறு யாருடையதோபோல இருந்தது. "நான் பாத்துட்டுச் சொல்லாம இருக்கல. எனக்குத் தெரியலீங்க. இப்பவும் தெரியல." நிட்டிங் மிஷின் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது. ஐயா என் முகத்தைப் பார்த்தார், பிறகு பார்வையை எடுத்துக்கொண்டு இளநீரைக் கையில் எடுத்தார், குடிக்கவில்லை. அப்போது இவர் டிக்கியை மூடிவிட்டு என் பக்கத்தில் வந்து நின்று பின்பக்கத்தை ஒரு பார்வை பார்த்தார். "எனக்கும் தெரியலையே ஐயா. ஒட்டுக்கா ஒரே நீலமாத்தான் இருக்குது" என்றார். பேங்க்கில் ஒரு பைசாவுக்குக்கூடப் பொய்க் கணக்கு எழுதாதவர். பொய் சொன்னால் அவருக்குக் காது மடல் சிவக்கும். காது மடல் சிவந்திருந்தது. எனக்குச் சிவப்பு நன்றாகத் தெரிகிறது.

அப்போதுதான் இவருடைய வேட்டி நினைவுக்கு வந்தது. மூன்று நாலு மாதமாக வீட்டில் வெள்ளையெல்லாம் பழுப்படிக்கிறது என்று நான் இஸ்திரிக்காரரிடம் சண்டை போட்டேன், சோப்பை மாற்றினேன், கடைசியில் நானே உட்கார்ந்து சொட்டு நீலம் போட்டு அலசினேன், போதவில்லை என்று இன்னும் போட்டேன், எனக்குப் பளீரென்று வெள்ளையாகத் தெரிகிறவரைக்கும் போட்டேன். அந்த வேட்டியைக் கட்டிக்கொண்டு இவர் தன் அக்கா பேரன் கல்யாணத்துக்குப் போனார். அங்கே பிள்ளைகள் எல்லாம் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார்களே, மாமா கட்சியில சேந்துட்டாரான்னு யாரோ கேட்டார்களே, எனக்கு ஏன் என்று புரியவில்லை, இவர் மட்டும் பந்தியில் நிமிர்ந்து உட்கார்ந்து இரண்டாவது தரம் பாயசம் வாங்கினார். நீல வேட்டி. தெரிந்தே அன்றைக்கு அதைக் கட்டிக்கொண்டு வந்திருக்கிறார். நான் இவ்வளவு நாளாக இவரிடம் மறைத்துக்கொண்டிருந்தது இவருக்குத் தெரியும் என்பதை இவர் என்னிடம் மறைத்திருக்கிறார், ஒரு பிசிறு இல்லாமல், ஒரு மேடு பள்ளம் இல்லாமல். கோயமுத்தூர்ப் பெயிண்டர் இவரிடம் பாடம் கேட்கலாம். கோபம் வர வேண்டும் எனக்கு, வரவில்லை, அவர் சிவந்த காதைப் பிடித்து எல்லோர் எதிரிலும் ஒரு முத்தம் கொடுக்கலாம்போல இருந்தது, திருப்பூரில் காம்பவுண்டுக்குள் அதெல்லாம் நடக்காது. "வண்டி எனக்குப் புடிச்சிருக்குதுங்க ஐயா" என்றேன். "அடிபட்டதுன்னாலும் புடிச்சிருக்குது." ஐயா மெதுவாக எழுந்தார், நாற்காலியைப் பிடித்து, பிறகு சுவரைப் பிடித்து. சாவியை என் கையில் வைத்தார். "ஓட்டிப் பாக்காம ஒண்ணும் சொல்லாதீங்கம்மா. ஒரு ரவுண்டு போயிட்டு வாங்க. எவ்வளவு தூரம் வேணும்னாலும் போங்க, நான் இங்கயேதான் இருப்பேன்." அவ்வளவுதான் சொன்னார். கண்ணைப் பற்றி ஒரு வார்த்தை கேட்கவில்லை. அந்த மனசு யாருக்குங்க வரும்.

சீட் என்னை உள்ளே வாங்கிக்கொண்டது. இரண்டே பேருக்கு இடம், எங்களுக்கு அது போதும். தோலும் எண்ணெயும் கலந்த வாசனை, ஸ்டியரிங் கைக்கு அடக்கமாக, இஞ்சின் கால் நுனியில் உயிரோடு துடிக்கிறது. கேட்டைத் தாண்டினோம். காங்கேயம் ரோட்டில் லாரிகள், மொபெட்டுகள், பனியன் மூட்டை ஏற்றிய டெம்போக்கள், எல்லாம் ஒதுங்கி வழிவிட்டு எங்களைப் பார்க்கின்றன, நரைத்த தலையைப் பார்த்துவிட்டு மறுபடி பார்க்கின்றன. "பிள்ளையார் கோயிலுக்குப் போலாமா அம்மிணி, எலுமிச்சம்பழம் வெச்சு ஏத்திட்டு வரலாம்?" "வண்டி இன்னும் நம்முளுது இல்லீங்க." "சரி, அப்ப வலது பக்கம் திருப்பு, பைபாஸ்ல விட்டுப் பாக்கலாம்." நான் சிக்னலில் நிறுத்தி இடது பக்கம் இண்டிகேட்டர் போட்டேன். அவர் இண்டிகேட்டரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். "இடது பக்கம் என்ன இருக்குது?" "கண் ஆஸ்பத்திரி." அவர் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே, "நான் ரெண்டு தடவை அங்க போன் பண்ணி உம் பேருக்கு நேரம் வாங்கினேன். ரெண்டு தடவையும் நானே வேண்டாம்னு சொல்லிட்டேன். உங்கிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியல" என்றார். பயம் போகவில்லை, அது அங்கேயேதான் உட்கார்ந்திருக்கிறது, ஆனால் இந்த வண்டிக்குள் அதற்கும் எனக்கும் இவருக்கும் இடம் போதாது. "நேரம் வாங்காமப் போனா உக்கார வெப்பாங்களே" என்றேன். "வெக்கட்டும். உக்காந்துக்கலாம்." சிக்னலில் பச்சை விழுந்தது. அவர் ஒரு கையால் சீட் பெல்ட்டையும் இன்னொரு கையால் கதவையும் பிடித்துக்கொண்டு, "மெதுவாப் போ அம்மிணி" என்றார். நான் மெதுவாகப் போகவில்லை.